தலையணை மந்திரம்

நேயர்களுக்கு வணக்கம். ஊரே வெறுத்த அரசி என்றால் பிரான்சின் மரி அந்துவானெத் நினைவுக்கு வருவார். நான் பேச வந்திருப்பது செர்பியாவின் திராகாவைப் பற்றி. அவர் அரசியாக இருந்தது மூன்று ஆண்டுகள்கூட இல்லை.

திராகா சுரங்கப் பொறியாளர் ஸ்வெதோசார் மாஷினின் மனைவி. 1886இல் கணவரை இழந்தார். பிறகு ராணி நதாலியாவுக்குத் தோழியாகப் பணியில் சேர்ந்தார். ராணி தங்கியிருந்த பியாரிட்ஸ் கடற்கரை ஊரில்தான் அவருடைய மகன், இளம் மன்னர் அலெக்சாண்டர் ஒப்ரெனோவிச், திராகாவிடம் மனத்தைப் பறிகொடுத்தார். திராகா அவரைவிடப் பத்து வயதுக்கும் மேல் மூத்தவர், அதோடு கைம்பெண். தலைநகர் பெல்கிரேடு கொதித்ததற்கு இதுவே போதும். அமைச்சரவை பதவி விலகியது. படைத் தலைவராக இருந்த, மன்னரின் தந்தை மிலான் பொறுப்பை உதறினார். அதன்பின் செர்பிய மண்ணை மிதிக்கவே இல்லை. 1900 ஆகஸ்ட் 5 அன்று திருமணம் நடந்தது.

சில வாரங்களிலேயே அரசி கருவுற்றிருப்பதாக அறிவித்தார்கள். 1901 வசந்தத்தில், வயிற்றில் குழந்தையே இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தங்கையின் குழந்தையை இளவரசனாகக் காட்டத் திட்டமிட்டார் என்று ஊர் பேசியது. எனக்கென்னவோ, பிள்ளைக்காக ஏங்கி அவரே நம்பி ஏமாந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. கருப்பை ஏய்த்ததைக் குற்றமாக்கிய கூட்டம் அது. அடுத்து, அவருடைய தம்பி நிகோதியே பட்டத்துக்கு வரப்போகிறார் என்று புரளி கிளம்பியது.

மன்னரும் லேசுப்பட்டவர் அல்ல. 1903 ஏப்ரலில் ஓர் இரவு அரசியலமைப்பை நிறுத்திவைத்து, வேண்டாத செனட்டர்களையும் நீதிபதிகளையும் நீக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் அதே அரசியலமைப்பை மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கையெழுத்து அவருடையது, பழி அவள் ஓதிய தலையணை மந்திரத்துக்கு!

1903 ஜூன் 11, விடியலுக்கு முந்தைய நேரம். 'அபிஸ்' என்று அழைக்கப்பட்ட திராகுதின் திமித்ரியேவிச் உள்ளிட்ட படை அதிகாரிகள் அரண்மனைக் கதவை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். மின்விளக்குகள் அணைந்துவிட்டன. மெழுகுவத்தி ஏந்தி அறை அறையாகத் தேடினார்கள். படுக்கையறையை ஒட்டிய சிறிய அறையில் மன்னரும் அரசியும் ஒளிந்திருந்தார்கள். கண்டதும் சுட்டார்கள், வாளாலும் வெட்டினார்கள், உடல்களைச் சன்னல் வழியாகத் தோட்டத்தில் எறிந்தார்கள். கொல்வதோடு அவர்கள் நிறுத்தவில்லை என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. திராகாவின் சகோதரர்கள் இருவரையும் அன்றிரவே சுட்டுக் கொன்றார்கள்.

ஒப்ரெனோவிச் வம்சம் அத்துடன் முடிந்தது. அரியணை போட்டி வம்சத்தைச் சேர்ந்த பீட்டர் கராஜோர்ஜெவிச்சுக்குப் போனது. கொலையாளிகளைத் தண்டிக்காததால் பிரிட்டன் தன் தூதரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. 1906 வரை அந்த உறவு சீராகவில்லை. அபிஸின் பெயரை 1914இல், ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரைக் கொன்ற சரயேவோ கொலைச் சதியில் மீண்டும் கேட்கிறோம்.

சதிகாரர்களில் கர்னல் அலெக்சாண்டர் மாஷின் என்று ஒருவர் இருந்தார். திராகாவின் முதல் கணவருடன் பிறந்தவர் அவர். கொலைக்குப் பின் அமைந்த புதிய அரசில் அவர் அமைச்சரானார். மன்னரும் திராகாவும் புனித மாற்கு தேவாலயத்தில் புதைக்கப்பட்டார்கள். அவர்கள் கொல்லப்பட்ட அரண்மனையை மறு ஆண்டே இடித்துவிட்டார்கள்.