கிழக்கே பார்க்கும் கூத்தாடி

நடுவர் அவர்களுக்கும் அவையில் நிறைந்திருக்கும் புதுவைப் பெருமக்களுக்கும் வணக்கம். நாடகத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு இன்று வாழ முடியுமா, முடியாதா என்பது தலைப்பு. முடியும் என்னும் அணியில் நின்று பேசுகிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஐயா மூன்று செய்திகளைச் சொன்னார். நாடகத்தில் வரும்படி நிலையில்லை என்றார். பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்தார், கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்தபடியே நாடகம் எழுதினார், ஆகவே பெரியவர்களே ஒரு கையில் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேடை ஏறினார்கள் என்றார். முடிவாக ஒரு பழமொழியை எடுத்து வீசினார். 'கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்.' பொழுது எப்போது சாயும் என்று கூலிக்காரன் மேற்கே பார்க்கிறான்; எப்போது விடியும், எப்போது காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று கூத்தாடி கிழக்கே பார்க்கிறான்; ஆடுகிறவனுக்கே அலுத்துப்போன ஒரு தொழிலை நம் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது என்று கேட்டார். அவை சிரித்தது. முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு விடை சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

அதற்கு முன்னால் சம்பளக் கணக்கை முடித்துவிடுகிறேன். பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய ஆண்டு 1891. படித்தவர்கள் மேடை ஏறுவது இழிவு என்று ஊர் நினைத்த காலத்தில் அந்த நினைப்பை மாற்றியவர் அவர். அந்த நன்றியை எங்கள் அணி மறக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில், தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த 24 வயது இளைஞர் ஒருவர் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார். அவர்தான் பின்னாளில் சங்கரதாஸ் சுவாமிகள். நடிகராக வந்தார், ஆசிரியரானார், நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார், சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவித்தார். நாடக உலகம் தலைமை ஆசிரியர் என்று இன்றும் கைகூப்புவது, சம்பளத்தை விட்டு வந்த அந்தக் கணக்கரைத்தான். எதிரணித் தலைவர் சொன்ன பெரியவர்களின் பட்டியலில் இவர் பெயர் ஏன் இல்லை என்பதை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தப் பழமொழிக்கு வருகிறேன்.

பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. கடைசி நாள் கூத்து. கடைசி நாள் என்றால் பதினெட்டாம் போர், பாரதப் போரின் முடிவு நாள் கதை என்பது இந்தப் பக்கத்து மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரவெல்லாம் மேடையில் ஆடி முடித்து, விடிந்ததும் வேஷத்தோடு, போர்க்களமாக அமைத்த படுகளத்துக்குப் போக வேண்டும். அங்கே மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். வீமன் தொடையில் அடிக்க வேண்டும். அங்கிருந்து எடுத்த இரத்தத்தைத் தடவித் திரௌபதி கூந்தலை முடிக்க வேண்டும். ஊர் முழுவதும் அந்த ஒரு நாழிகைக்காகக் காத்திருக்கும். கூத்து முன்னதாக முடிந்தால் மக்கள் கலைந்துவிடுவார்கள். பிந்தினால் வெயில் ஏறி, விரதம் இருப்பவர்கள் வாடிப்போவார்கள்.

அன்று நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டது. மத்தளத்தைப் போர்வையால் மூடினார்கள். முகவீணைக்காரர் கருவியை மடிக்குள் வைத்துக்கொண்டார். நனைந்தால் பாழாகும் கிரீடங்களையும் புஜகீர்த்திகளையும் கோயில் மண்டபத்துக்குத் தூக்கிப் போனார்கள். மழை விட்டபோது இரவில் பெரும்பகுதி போய்விட்டது. ஊர்ப் பெரியவர் வந்து, 'வாத்தியாரே, பாதிக் கதையை விட்டுவிடுங்கள், நேரே சண்டைக்கு வந்துவிடுங்கள்' என்றார். துரியோதனன் வேஷம் கட்டியிருந்த வாத்தியார் முற்றத்தில் இறங்கி நின்றார், கிழக்கே பார்த்தார். விடிவெள்ளி எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தார். 'கதையில் எதையும் விட வேண்டாம், சரியாகக் கொண்டுவந்து சேர்க்கிறேன்' என்றார். கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனிடம் ஒரு சொல், பின்பாட்டுக்காரர்களிடம் ஒரு சைகை, அவ்வளவுதான். இரண்டு முறை திரும்பப் பாட வேண்டிய அடிகள் ஒரு முறையோடு நின்றன. கட்டியங்காரனின் வேடிக்கைப் பேச்சு பாதியாகச் சுருங்கியது. தாளம் ஒரு படி ஏறியது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கும் எதுவும் குறைந்ததாகத் தோன்றவில்லை. துரியோதனன் படுகளத்தில் வந்து நின்றபோது, கீழ்வானம் சிவந்து முதல் வெளிச்சம் அந்த மண்ணுருவத்தின் மேல் விழுந்தது.

ஐயா, கூத்தாடி கிழக்கே பார்ப்பது இதற்காக. கூலியை நினைத்துப் பார்ப்பவனுக்கு அந்த விடிவெள்ளி விடுதலை. வாத்தியாருக்கு அது கடிகாரம். ஓர் இரவு முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு, எங்கே நீட்டலாம், எங்கே சுருக்கலாம் என்று அறிந்து, கதையின் முடிவையும் சூரியனையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கும் ஆற்றலுக்குத் தொழில்முறை என்னும் சொல்லை விடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. வார இறுதியில் மட்டும் ஒத்திகைக்கு வருகிறவருக்கு, அவர் எவ்வளவு பெரிய அறிவாளியாக இருந்தாலும், இந்தக் கணிப்பு கைகூடாது. நீங்கள் எங்களுக்கு எதிராக வீசிய பழமொழி எங்கள் அணிக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறது.

இந்த நிகழ்ச்சியை நான் மறுபடியும் சொல்லத்தான் வேண்டும், நடுவர் அவர்களே, ஏனென்றால் ஒரு பகுதியை இவ்வளவு நேரம் வேண்டுமென்றே எடுத்து வைத்திருந்தேன். மழை விட்டது, வாத்தியார் கிழக்கே பார்த்தார், எதைச் சுருக்குவது என்று முடிவு செய்தார் என்றேன் அல்லவா? யாருடைய பாட்டைச் சுருக்கினார்? தன்னுடைய பாட்டை. மேடையில் முதலில் நுழையும்போது துரியோதனன் பாடும் பாட்டுகள்தாம் அந்த வாத்தியாருக்குப் பேரும் புகழும் தந்தவை. பல ஊர்களிலிருந்து அவற்றைக் கேட்கவே வந்திருந்தார்கள். அவற்றைத்தான் குறைத்தார். துரியோதனனின் மனைவி பெருந்திருவாளாக அன்றுதான் முதன்முதலாக வேஷம் கட்டியிருந்த ஒரு பையனின் புலம்பலில் ஓர் அடியைக்கூடக் குறைக்கவில்லை. பையன் பாடினான், ஒரு கட்டத்தில் தடுமாறினான், வாத்தியார் துரியோதனனாக நின்றபடியே மெல்ல அடியெடுத்துக் கொடுத்தார், அவன் பிடித்துக்கொண்டு பாடி முடித்தான். மறுநாள் அந்த ஜமாவை, அந்தக் கூத்துக் குழுவை, பாக்கு வைத்து அழைக்க வந்த பக்கத்து ஊர்க்காரர்கள், 'பெருந்திருவாள் வேஷத்துக்கு அந்தப் பையனே வரட்டும்' என்று கேட்டார்கள். ஒரு நடிகனின் தொழில் வாழ்க்கை இப்படித்தான் தொடங்குகிறது. தன் இடத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கும் ஒரு மூத்தவர் இருந்தால் அது தொடங்குகிறது. அந்தப் பையனும் நாளை அப்படி ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் அது நிலைக்கிறது.

வரும்படி நிலையில்லை என்ற கேள்விக்கும் அந்த வாத்தியாரிடமே விடை இருக்கிறது. கூத்துக்குப் பருவம் உண்டு. மாசி பங்குனியில் சூடுபிடித்து ஆடியோடு தணியும். மிச்ச மாதங்களில் அவர் என்ன செய்கிறார்? கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து கிரீடம் செய்கிறார், கண்ணாடிச் சில்லுகளைப் பதிக்கிறார், பிற ஜமாக்களின் ஆபரணங்களைப் பழுது பார்க்கிறார், பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுக்கிறார், பழைய ஏடுகளிலிருந்து பாட்டுகளைப் பெயர்த்து எழுதுகிறார். இவை எல்லாமே நாடகத்துக்குள் இருக்கும் வேலைகள். நடிப்பு மட்டும் தெரிந்தவனுக்குப் பருவம் முடிந்ததும் வேலை முடிந்துவிடுகிறது. ஒப்பனை, இசை, பயிற்சி, எழுத்து, நிர்வாகம் என்று இரண்டு மூன்று கைத்தொழில்களை நாடகத்துக்குள்ளேயே கற்றவன் ஆண்டு முழுவதும் நாடகக்காரனாகவே இருக்கிறான். இந்த மேடையில் நான் சொல்ல வந்த கருத்து இது ஒன்றுதான்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். வீணாபாணி சாவ்லா 1981இல் மும்பையில் தொடங்கிய ஆதிசக்தி குழு 1993இல் புதுச்சேரிக்கு வந்து, ஆரோவில் அருகே தனக்கென ஓர் இடத்தை உருவாக்கிக்கொண்டது. அங்கே நடிகர்கள் தங்கிப் பயில்கிறார்கள். களரிப்பயிற்சியும் கேரளத்தின் பழைய நாடகமான கூடியாட்டத்தின் மூச்சு முறைகளும் அவர்களின் அன்றாடப் பாடம். பிற ஊர்க் கலைஞர்களுக்கு அவர்களே பயிலரங்கும் நடத்துகிறார்கள். 2014இல் அந்த அம்மையார் மறைந்த பின்னும் குழு கலையவில்லை. இதே நகரத்தில் குமரன் வளவன் 2007இல் தொடங்கிய இந்தியநாஸ்ட்ரம் குழு, ரோமன் ரோலன் வீதியில் இருந்த பழைய திரையரங்கு ஒன்றையே நாடக அரங்காக்கியது. பாரிசின் புகழ்பெற்ற தியேத்ர் து சொலேய் குழுவின் இயக்குநர் அரியான் முனுஷ்கின் தம் குழுவினரோடு நம் புதுச்சேரிக்கு வந்து பயிற்சிப் பள்ளி நடத்தினார். அதன் பிறகு 2016இல் அவர்கள் பாரிசில் அரங்கேற்றிய நாடகத்தில் தெருக்கூத்து இடம்பெற்றது. அந்த நடிகர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரான். செய்யாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, பரம்பரையாக வேஷம் கட்டும் குடும்பத்திலிருந்து போனவர் அவர். வெளிநாட்டார் பாராட்டினால்தான் நமக்கு மதிப்பு என்று நான் சொல்லவில்லை. கற்றுக்கொடுக்கத் தெரிந்த கலைஞனுக்கு எந்த நாட்டிலும் வேலை இருக்கிறது என்று சொல்லுகிறேன்.

மத்திய அரசின் பண்பாட்டு அமைச்சகம் நாடகக் குழுக்களின் குருவுக்கும் சீடர்களுக்கும் மாத உதவித்தொகை தருகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அதை மட்டும் நம்பும் குழு நெடுநாள் நிற்காது என்பது என் கருத்து. சீட்டு வாங்கிப் பார்க்கும் மக்கள் வேண்டும். அதைப் பற்றிப் பேச நேரம் போதாது; நான் சுவாமிகளிடம் திரும்பிப் போக வேண்டும்.

1921ஆம் ஆண்டு வாக்கில் சங்கரதாஸ் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின, பேச்சு குழறியது. ஒரே இரவில் ஒரு நாடகம் முழுவதையும் பாட்டும் உரையுமாக எழுதி முடித்தவர் என்று எல்லாரும் வியந்து சொல்லும் மனிதருக்குச் சொல் எழவில்லை. எதிரணித் தலைவரின் கணக்குப்படி அந்த இடத்தில் ஒரு தொழில் வாழ்க்கை முடிந்திருக்க வேண்டும். அவரோ தம் சிறுவர்களை விட்டுப் போகவில்லை. அவர்களும் அவரை விடவில்லை. ஊர் ஊராகப் போன அந்தப் பயணத்தில் இந்தப் புதுச்சேரியில்தான் 1922 நவம்பர் 13 அன்று அவர் கண்மூடினார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். அவரிடம் பாடம் கேட்ட சிறுவர்களில் ஒருவர் டி. கே. சண்முகம், அப்போது அவருக்கு வயது பத்து. தந்தையைப் போன்ற ஆசிரியரை இழந்து நின்ற அந்தச் சகோதரர்கள், மூன்றே ஆண்டுகளில், 1925இல், மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்று தங்கள் பெயரால் ஒரு கம்பெனியைத் தொடங்கி, 1950 வரை தமிழ்நாடெங்கும் நடத்தினார்கள். அந்தச் சிறுவனே வளர்ந்து ஔவையாராக வேடமேற்று, ஔவை சண்முகம் என்று ஊர் போற்றும் பெயரைப் பெற்றார்.

இங்கே இருக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன். சுவாமிகளின் பெயரைத் தாங்கிய நிகழ்கலைப் பள்ளி நம் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே படிக்க விண்ணப்பம் வாங்கி வந்து, அதை உங்களிடம் காட்டப் பயந்து பைக்குள் மறைத்து வைத்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பெருந்திருவாளாக நின்று பாடிய அந்தப் பையனின் தாயார் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர். கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்தார். மகன் தடுமாறிய இடத்தில் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவன் பாடி முடித்ததும் அழுதார். உன் பிழைப்புக்கு என்ன வழி என்று அந்தத் தாய் மகனைக் கேட்காமல் இருந்திருப்பாரா? கேட்டிருப்பார். கேட்ட பிறகுதான் அவனை வாத்தியாரிடம் கொண்டுபோய் விட்டார். நீங்களும் கேளுங்கள், கேட்டுவிட்டு அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள். அவன் மேடை ஏறும் நாளில், இலவச நுழைவு கேட்காமல், வீட்டில் எத்தனை பேர் உண்டோ அத்தனை சீட்டுகளைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

நடுவர் அவர்களே, முடியும் என்று தீர்ப்பளிக்குமாறு எங்கள் அணியின் சார்பில் வேண்டி அமர்கிறேன். நன்றி.