பழைய டிஷ்வாஷருக்குள் ஒரு இசைத்தட்டு இருக்கிறது, தெரியுமா?

[திரையில்: கதவு திறந்த பழைய டிஷ்வாஷர். உள்ளே எனாமல் தொட்டி, துருவேறிய கம்பித் தட்டு.]

சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் மட்டும். தண்ணீர் சுழலவில்லை. மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டி, பழைய இரும்புக்குப் போடக் கிளம்புகிறீர்களா? நில்லுங்கள்! பல நேரம் மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். பம்பின் தண்டைச் சுற்றி, தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல், வருடக்கணக்கில் காய்ந்து கிடந்ததில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்குங்கள். தொட்டியின் அடியில் வெந்நீர் ஊற்றி ஊறவிடுங்கள். அப்புறம் பம்பைக் கையால் இப்படியும் அப்படியும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். முதலில் இம்மியும் நகராது. பிறகு 'டக்' என்று விடும் பாருங்கள், அந்தச் சத்தம்தான் எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்தது.

வரலாறு ஒரே மூச்சில்: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை பெற்றார். தேய்க்காமல், தண்ணீர் பாயும் வேகத்திலேயே பாத்திரம் கழுவும் இயந்திரம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பெயர் வாங்கியது. முதலில் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஓட்டல்காரர்கள். வீடுகளுக்கு வந்தது பின்னால்தான். சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: டைமரின் மூடி கழற்றப்படுகிறது.]

இதுதான் டைமர். இந்த இயந்திரத்தின் மூளை. சிப் கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. ஒரே அச்சில் வரிசையாகச் சில வட்டங்கள், விளிம்பில் மேடும் பள்ளமும். ஒவ்வொரு வட்டத்தின் மேலும் ஒரு செப்புத் தகடு சாய்ந்து நிற்கிறது. மேடு வந்தால் தகடு எழும், பள்ளம் வந்தால் இறங்கும். அதற்கேற்ப இணைப்பு சேரும், பிரியும். ஒரு வட்டம் தண்ணீர் வால்வுக்கு, ஒன்று ஹீட்டருக்கு, ஒன்று சோப்புக் கிண்ணத்துக்கு. அப்படியே இசைத்தட்டுதான்! பாட்டு தட்டில் பொறித்திருப்பது போல, கழுவும் முறை முழுக்க இந்த விளிம்பில் செதுக்கியிருக்கிறது. பல் தேய்ந்த டைமர் ஒரே கட்டத்தில் மாட்டிக்கொண்டு கழுவிக்கொண்டே இருக்கும். கீறல் விழுந்த ரெக்கார்டு என்பார்களே, அதேதான். சில மாடல்களில் மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் கழுவும், மறுபக்கம் சுற்றினால் அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும். அந்தத் திசையை மாற்றுவதும் இந்த மேடு பள்ளம்தான்.

இன்னொரு ஆச்சரியம். டைமரைச் சுற்றும் குட்டி மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணுக்கு, அதாவது அது நொடிக்கு எத்தனை முறை அலையடிக்கிறது (ஹெர்ட்ஸ்) என்பதற்கு, கட்டுப்பட்டது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த இயந்திரத்தை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், 60 நிமிட வேலை 72 நிமிடம் இழுக்கும். பாட்டு மெதுவாக ஓடுகிறது! வோல்டேஜை மட்டும் மாற்றிவிட்டால் போதாது. பம்ப் மோட்டாரும் மெதுவாகச் சுற்றும், சூடேறும். வெளிநாட்டிலிருந்து பழைய மெஷின் வரவழைக்க நினைப்பவர்கள் இதை முதலில் கவனியுங்கள்.

டைமரைக் கழற்றும் முன் ஒயர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கூட நினைவை நம்பிக் கழற்றாதீர்கள். கறுத்த இணைப்பு முனைகளுக்கு கான்டாக்ட் கிளீனர் போதும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் இருந்தால், அதில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மிகப் பழைய மெஷின் என்றால் வெப்பத் தடுப்பில், மூச்சோடு உள்ளே போனால் ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கக்கூடும். உதிர்கிற பஞ்சு போன்ற எதையும் சுரண்டாதீர்கள்.

கதவு ரப்பர், ஹோஸ்: இறுகியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். கம்பித் தட்டின் மேலுறை பிளந்த இடங்களில் துருவைச் சுரண்டி, அதற்கென்றே விற்கும் வினைல் பூச்சைத் தடவுங்கள். சுண்ணாம்புப் படிவுக்கு சிட்ரிக் அமிலம். பிளீச்சை அதோடு கலக்கவே கூடாது.

எல்லாம் முடிந்து ஓட்டுகிறீர்கள், கண்ணாடி டம்ளரில் வெள்ளைப் படலம். உடனே மெஷினைத் திட்டாதீர்கள். அது, சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் பாஸ்பேட் கலந்த சோப்புத் தூளை நம்பிச் செய்யப்பட்டது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் 2010-லும், ஐரோப்பிய ஒன்றியம் 2017-லும் வீட்டு டிஷ்வாஷர் சோப்பில் பாஸ்பேட்டை மிகவும் குறைத்துவிட்டன. ஏரி குளங்களில் பாசி மண்டுவதைத் தடுக்கத்தான். அது நியாயமான முடிவு என்பதே என் கருத்து. கடின நீராக இருந்தால் மென்மையாக்கிப் பாருங்கள், படலம் குறையும்.

முதல் ஓட்டத்தைப் பாத்திரம் இல்லாமல் நடத்துங்கள். டார்ச் அடித்து அடிப்பக்கம் பாருங்கள், ஆனால் எதையும் தொடாதீர்கள். சொட்டு விழுந்தால் நிறுத்துங்கள். விழவில்லையா? உங்கள் டைமரில் எத்தனை வட்டங்கள் இருந்தன என்று கமெண்ட்டில் எழுதுங்கள். படமும் அனுப்பினால், அடுத்த வீடியோவில் ஒவ்வொரு வட்டமும் எதை இயக்குகிறது என்று கண்டுபிடிப்போம்.