முற்றத்தில் மீளும் மொறிஸ் பிக்கப்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகளில், மாட்டுக்கொட்டிலின் அருகிலோ மாமரத்தின் கீழோ, ரயர்களில் காற்றிறங்கிக் கறள் ஏறி நிற்கும் மொறிஸ் மைனர் பிக்கப்புகளை இன்றும் காணலாம். அவற்றைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுப்பதற்கு முன், வீட்டு முற்றத்திலேயே மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்க விரும்புவோருக்காகவே இன்று பேசுகிறேன்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் கார் 1948 இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. பிக்கப் 1953 இல் வெளிவந்தது. காரில் உடற்கூடே முழுப் பாரத்தையும் தாங்க, பிக்கப்புக்கோ கராஜ்களில் செசி என்று சொல்லப்படும் தனி அடிச்சட்டம் உண்டு. வீட்டில் வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி. போல்ற்றுகளைக் கழற்றிப் பின்பெட்டியை நான்கு பேர் சேர்ந்து தூக்கிவிட்டால், வாகனத்தின் உண்மையான நிலை கண்முன்னே வந்துவிடும்.

பலர் மட்கார்டையும் வர்ணத்தையும் பார்த்துத்தான் வேலையை மதிப்பிடுகிறார்கள். நான் அடிச்சட்டத்தையே முதலில் பார்க்கச் சொல்வேன். சிறு சுத்தியலால் அதன் பக்கங்களை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே கறள் தின்ற இடம் மந்தமான ஓசை தரும், சில இடங்களில் சுத்தியலே உள்ளே இறங்கிவிடும். பின்புற ஸ்பிறிங் பட்டைகளைத் தாங்கும் இடங்களையும், சாரதி இருக்கையின் கீழ்த்தளம் அடிச்சட்டத்தோடு சேரும் விளிம்பையும் இரண்டு முறை தட்டிப் பாருங்கள். இரும்பு கறளாக மாறும்போது முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். ஆகவே இரு தகடுகள் ஒட்டிய இடத்தில் விளிம்பு உப்பிப் பிரிந்திருந்தால், வெளியே வர்ணம் நன்றாக இருந்தாலும் உள்ளே தகடு போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

எங்கள் குடாநாட்டில் கறளுக்குத் துணை நிற்பது கடற்காற்றின் உப்பு. கம்பித் தூரிகையால் தேய்த்துத் தகடு பளபளத்தவுடன் வர்ணம் பூசிவிடுகிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத குழிகளுக்குள் தங்கிய உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். ஒரு மாரி கழிவதற்குள் வர்ணத்தின் அடியில் கொப்புளம் கிளம்பும். தேய்த்த தகட்டை நல்ல நீரால் பலமுறை கழுவி, உடனே துடைத்து, வெயிலில் சூடேறக் காயவைத்த பிறகுதான் முதற்பூச்சு வைக்க வேண்டும். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் பல கிணறுகள் உவர்நீர்க் கிணறுகளாதலால், கழுவுவதற்கு மழைநீரைச் சேர்த்து வைத்துக்கொள்வது மிக நல்லது.

சிறிய உறுப்புகளின் கறளை மின்சாரத்தாலும் நீக்கலாம். பிளாஸ்ரிக் வாளியில் சலவைச் சோடாவைக் கரைத்து, உறுப்பை 12 வோல்ற் பற்றறி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத சாதாரண இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் கொளுவி, ஒன்றையொன்று தொடாமல் அமிழ்த்தி வைத்தால், கறள் மெல்ல இளகிக் கழன்றுவிடும். அந்தத் தகட்டுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எவர்சில்வரைப் பயன்படுத்தக் கூடாது. கரைசலில் நச்சுக் குரோமியம் சேரும். எரியக்கூடிய ஐதரசன் வாயு வெளிவருவதால் இதைத் திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள்.

ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி அப்பி மறைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். உறுதியான தகடு வரும்வரை வெட்டி, அதே கனத் தகட்டை வெல்டிங் செய்து பொருத்துவதே முறை. 1990களில் இலங்கையின் தென்பகுதியிலேயே மைனரின் உடற்தகடுகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன என்பதை எண்ணினால், இந்நாட்டுத் தொழிலாளரின் கைகளில் நம்பிக்கை பிறக்கும். பெற்றோல் தாங்கியை மட்டும் வீட்டில் வெல்டிங் செய்யாதீர்கள். எத்தனை ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தாலும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கக்கூடும்.

பிறேக்கின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், அடிச்சட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. விரிப்பை நீக்கித் தளத்திலுள்ள மூடித் தகட்டைக் கழற்றினால் அதன் தலை தெரியும். அதைப் பிடித்திருக்கும் போல்ற்றுகளை வெளியே இழுக்கவிடாமல் முன்சில்லின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். அந்தக் கம்பி வாகனத்தின் பாரத்தால் முறுகி நிற்பது. பாரத்தை இறக்காமல் அதில் கைவைத்தால் ஆபத்து. முன்சில்லைத் தாங்கும் கீழ்மூட்டின் மரையையும் அதே வேளையில் சோதியுங்கள். கிறீஸ் காணாமல் அந்த மரை தேய்ந்துபோனால், ஓடும்போதே சில்லு மடிந்து விழும்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை எங்கள் வாகனங்களுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத 1990களில், காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மக்களையும் நோயாளிகளையும் அவை சுமந்தன. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் இயந்திர எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். வால்வுகளில் கரி படியும். ஆகவே அக்காலத்தில் ஓடிய இயந்திரமாயின் தலையைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, பேரிங்குகளையும் பார்த்த பிறகே இயக்க வேண்டும். இறுகிப்போயிருந்தால் பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் மெல்லிய எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்து, இயந்திரத்தைக் கையால் சுழற்றும் கைப்பிடியால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள்.

பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்த்து, சிறுவர்களை எட்ட வையுங்கள். பிறேக் தூசியில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடுமாதலால் அதைக் காற்றால் ஊதக் கூடாது. வீட்டில் பூசுவதற்குத் தூரிகையால் இடும் எனாமல் வர்ணமே போதும். இறுகவைக்கும் திரவம் கலந்து பூசும் இருபகுதி வர்ணத்தைத் தெளிப்பதால் எழும் நச்சு ஆவிக்குச் சாதாரண முகக்கவசம் காப்பாகாது.

வேலை முடிந்ததும் அடிச்சட்டத்தின் உட்குழிகளுக்குள் மெழுகு கலந்த எண்ணெயைச் செலுத்துங்கள். கதவுகளின் அடியிலுள்ள நீர்வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். இவ்விரண்டையும் ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டும்.

நன்றி. வணக்கம்.