படுத்தால் எழுந்திருக்கக் கூடாது

வாய்தா என்றதும் முன்வரிசையில் இருக்கும் வக்கீல் நண்பர்கள் சிரிக்கிறார்கள். 12, 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது ஒரு தனிக் கலையாகவே இருந்தது.

நிலத் தகராறில், நிலத்தை வைத்திருப்பவர் நீதிமன்றம் கூப்பிட்ட நாளில் வராவிட்டால் நிலத்தை அரசன் கையில் எடுத்துக்கொள்வான். காலத்தில் மீட்காவிட்டால் அது எதிராளிக்குத்தான். ஆனால் ஆள் அனுப்பிக் காரணம் சொல்லலாம். அதற்கு எசாய்ன் என்று பெயர். இரண்டாம் ஹென்றி காலத்துச் சட்டநூல் ஒன்று ஆரம்பத்திலேயே இந்தக் காரணங்களைத்தான் வகை பிரிக்கிறது. வருகிற வழியில் உடம்புக்கு முடியவில்லை, அரசர் வேலையாகப் போயிருக்கிறார், கடல் தாண்டிப் போயிருக்கிறார், ஜெருசலேம் யாத்திரையில் இருக்கிறார். யாத்திரை என்றால் குறைந்தது ஒரு வருடமும் ஒரு நாளும் தவணை. அன்றைய சேற்றுப் பாதையையும் வெள்ளத்தையும் நினைத்தால் இதெல்லாம் நியாயம்தான்.

படுக்கை நோய் என்று சொன்னால்தான் வேடிக்கை. நீதிமன்றம் நான்கு நைட்டுகளை, அதாவது மதிப்புள்ள போர்வீரர்களை, வீட்டுக்கே அனுப்பும். வைத்தியர் இல்லை, கவனியுங்கள்! ஆள் படுத்திருக்கிறாரா என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பூட்ஸ் இல்லாமல், கால்சட்டை இல்லாமல், இடுப்பு வார் இல்லாமல் கிடக்க வேண்டும். நீண்ட நோய்தான் என்று அவர்கள் முடிவு செய்தால், ஒரு வருடமும் ஒரு நாளும் கழித்து லண்டன் கோபுரம் என்ற அரசர் கோட்டையில் ஆஜராகச் சொல்வார்கள்.

ஆகா, ஒரு வருடம் லாபம் என்கிறீர்களா? அதுவரை நீதிமன்ற அனுமதி இல்லாமல் எழுந்து நடமாடக் கூடாது. உடம்பு தேறிவிட்டாலும் அனுமதி வாங்கித்தான் எழ வேண்டும். எதிராளி சும்மா இருப்பானா? வெளியே நடமாடிப் பிடிபட்டால் நிலம் போச்சு. பொய்யா நிஜமா என்று சட்டம் அதிகம் துருவவில்லை; சொன்ன பொய்யை முழுசாக வாழ்ந்து காட்டு என்றது. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

இதையும் ஏய்க்க ஆட்கள் இருந்தார்கள். ஒரே நிலத்துக்குப் பல வாரிசுகள் என்றால், இன்று அண்ணன் வருவார், தம்பிக்கு உடம்பு சரியில்லை. அடுத்த தவணைக்குத் தம்பி வருவார், அண்ணனுக்கு முடியாது. இப்படியே மாற்றி மாற்றி இழுத்தார்கள். 1275இல் முதலாம் எட்வர்டின் சட்டம் இதற்கு முட்டுக்கட்டை போட்டது: எத்தனை பங்காளிகள் இருந்தாலும் ஓர் ஆளுக்கு உண்டான சாக்குதான். கடல் தாண்டிப் போனதாகச் சொன்னவர் உண்மையில் இங்கிலாந்திலேயே இருந்தார் என்று எதிராளி நிரூபித்தால், அவர் வராதவராகவே கணக்கு.