கைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல ஒரு சாண்

வணக்கம் நண்பர்களே. மேடையில நடிகர் கையைத் தூக்கினா பின்னாடி திரையில படமும் கூடவே அசையுதுல்ல, இன்னிக்கு அதைப் பத்திப் பேசலாம்.

1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில, லாத்தர்னா மாகிகாங்கிற பேர்ல ராடோக், ஸ்வோபோடானு ரெண்டு செக் கலைஞர்கள் மேடை ஆளையும் திரைப் படத்தையும் சேர்த்து ஆட வெச்சாங்க. பெரிய வேலை அது. ஆனா ஃபிலிம் ஓட ஆரம்பிச்சா நிக்காது, நடிகர்தான் அதுக்கு ஈடுகொடுக்கணும். நமக்கு வேண்டியது வேற. நடிகர் ஒரு மூச்சு கூடுதலா நின்னா, படமும் நிக்கணும்.

அதுக்கு ஆளைப் பார்க்கிற கேமரா வேணும். சாதாரண கேமரா வெச்சா, ப்ரொஜெக்டர் அடிக்கிற படத்தையே ஆளுன்னு நினைச்சுத் துரத்தும். அதனாலதான் இன்ஃப்ராரெட் கேமரா, அதாவது நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் பார்க்கிற கேமரா. ப்ரொஜெக்டர் வெளிச்சத்துல இன்ஃப்ராரெட் ரொம்பக் கம்மி, அதனால படம் அதுக்குத் தெரியாது, தனியா ஒரு இன்ஃப்ராரெட் விளக்கை ஆள் மேல அடிச்சா ஆள் மட்டும் தெரிவாங்க. இதை நம்பி எல்.இ.டி. விளக்குல ஒத்திகை முடிச்சுட்டு அரங்கத்துக்குப் போனேன். அங்க ஹாலஜன் விளக்கு. அது இன்ஃப்ராரெட்டை வாரிக் கொட்டும்! கேமராவுல மேடை முழுக்க வெள்ளை. நடிகை நடுவுல நிக்கிறாங்க, படம் எங்கேயோ ஓரத்துல பதறுது. அதுலேர்ந்து நான் முதல்ல போய் உட்கார்றது லைட்டிங் பண்றவர்கிட்டதான்.

அப்புறம் தாமதம். செகண்டுக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், எடுக்கிற கேமராவுல ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட். பிடிக்க, கணக்குப் போட, திரையில காட்டன்னு ஆறு ஃப்ரேம் போனா 100 மில்லிசெகண்ட். செகண்டுக்கு 2 மீட்டர் வேகத்துல கையை வீசினா வெளிச்சம் 20 சென்டிமீட்டர் பின்னாடி வரும். ஏறக்குறைய ஒரு சாண். உள்ளங்கையில சுடர் ஏந்துற காட்சியில அந்த ஒரு சாண் போதும், கண்ணு கதையை விட்டுடும்.

எங்க நாடகத்துல இறந்துபோன அம்மா மகளைத் தேடி வருவாங்க. மொதல்ல அம்மாவை மகளோட உடம்பை ஒட்டின ஒளிக்கோடா போட்டோம். கோடு விலகி விலகித் தெரிஞ்சது. அதை எடுத்துட்டுப் புகையா மாத்தினோம். புகைன்னா மெதுவாத்தானே வரும்? மகள் நடந்துட்டே சட்டுன்னு நிக்கிறா. புகை கொஞ்சம் தாமதிச்சு வந்து அவ தோள்ல படியுது. அம்மா தயங்குறாங்கன்னுதான் அரங்கத்துல எல்லாருக்கும் பட்டுது.

ஒண்ணு மட்டும் நான் கேமராகிட்ட விடல. மகள் "அம்மா"ன்னு கூப்பிடுறப்ப புகை கலையணும். அதுக்கு ஒரு ஆளு, கீபோர்டு பட்டன்ல விரலை வெச்சுட்டு, அவ மூச்சு இழுக்கிறதைப் பார்த்துட்டே உட்கார்ந்திருப்பார்.