காஞ்சிபுரம் ரயில் ஏன் இப்படிச் சுத்திப் போகுது? ஸ்டேஷன் வரலாறும் டிக்கெட்ல பாக்க வேண்டிய 'வயா'வும்

வணக்கம்ங்க. பின்னாடி தெரியுற மஞ்சப் போர்டுல காஞ்சிபுரம்னு போட்டிருக்கு பாருங்க. இங்கேருந்து பஸ்ல சென்னை 75 கிலோமீட்டர் பக்கம். ரயில்ல கடற்கரை ஸ்டேஷன் வரைக்கும் போனா 95ஐத் தொட்டுடும். கூடுதலா 20 கிலோமீட்டர் எதுக்குன்னா, அதுக்குக் காரணம் 1865ல இருக்கு. முதல்ல அதைப் பாத்துடுவோம், டிக்கெட் எடுக்கும்போது அது உதவும்.

தென்னிந்தியாவோட முதல் ரயில் பாதை 1856ல ராயபுரத்துலேருந்து இப்போ வாலாஜா ரோடுன்னு சொல்ற இடம் வரைக்கும் போட்டாங்க. அது அரக்கோணம் வழியாப் போச்சு. காஞ்சிபுரம் தெற்குல ஒதுங்கி நின்னுடுச்சு. அதுக்கப்புறம் இந்தியன் டிராம்வே கம்பெனின்னு ஒண்ணு வந்து, 1865ல அரக்கோணத்துலேருந்து காஞ்சிபுரத்துக்கு 19 மைல் பாதை திறந்தாங்க. செலவு குறையணும்னு சின்ன அகலத்துல போட்டது, 3 அடி 6 அங்குலம். அரக்கோணத்து மெயின் லைனோ 5 அடி 6 அங்குலம். இந்த வண்டி அந்தத் தண்டவாளத்துல ஏறவே ஏறாது. ஆளும் இறங்கி மாறணும், மூட்டையும் இறக்கி ஏத்தணும். அதாவது இந்த ஸ்டேஷன் சென்னைக்குன்னு பொறந்ததில்ல, அரக்கோணத்துக்குக் கிளைவாய்க்கால் மாதிரி பொறந்தது.

அந்தக் கம்பெனி கர்நாடிக் ரயில்வேன்னு பேர் மாறி, 1874ல கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயோட சேர்ந்துச்சு. அதுதான் சவுத் இந்தியன் ரயில்வே. 1878ல இந்தப் பாதையை மீட்டர் கேஜா மாத்துனாங்க. 3 அடி 6 அங்குலம்னா 1,067 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ் 1,000. வெறும் 67 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனா மத்த பாதையோட ஒட்டணும்னா அதையும் பிடுங்கித்தான் போடணும். அப்புறம் பாதை செங்கல்பட்டு வரைக்கும் நீண்டுச்சு. இப்போ முழுக்க 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை.

இன்னொரு சின்ன விஷயம். இந்த ஸ்டேஷனோட கோட் 'சி ஜே'. காஞ்சிபுரத்துல 'ஜே' எங்க இருக்கு? வெள்ளைக்காரங்க கான்ஜீவரம்னு எழுதுனாங்க இல்லையா, அதோட மிச்சம். புது ஸ்டேஷன், அதாவது காஞ்சிபுரம் கிழக்கு, 'சி ஜே இ'. ஆப்ல டைப் பண்ணா ரெண்டும் அடுத்தடுத்து வரும். லோக்கல் ரெண்டுலயும் நிக்கும், ஆனா எங்க இறங்குறோம்னு முடிவு பண்ணிட்டு எடுங்க. தப்பா இறங்கினா ஆட்டோவுக்குத் தனியா அழணும்.

இப்போ வண்டி. கடற்கரையிலேருந்து வர்ற லோக்கல் தாம்பரம், செங்கல்பட்டு, பாலூர், வாலாஜாபாத் வழியா இங்க வந்து, நிறைய வண்டி திருமால்பூரோட முடிஞ்சுடும். அரக்கோணம் அங்கேருந்து கூப்பிடு தூரம்தான், அப்புறம் ஏன் போகல? தக்கோலம் தாண்டினா ராஜாளி கடற்படை விமானத்தளம். ஓடுபாதைக்குக் கிட்ட மின்கம்பியும் கம்பமும் நிறுத்த முடியாது. அதனால அப்போ டீசல் வண்டிதான் போச்சு, மின்சார ரயில் போகல. பாதையைத் தள்ளிப் போட்டு மின்மயமாக்கின பிறகுதான் 2019ல வட்டப் பாதை ரயில் வந்துச்சு. கடற்கரையில கிளம்பி, தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர்னு சுத்தி கடற்கரைக்கே வரும். எதிர்த்திசையிலயும் உண்டு.

இப்ப 'வயா'வுக்கு வர்றேன். சென்னைக்கு இங்கேருந்து ரெண்டு வழி: செங்கல்பட்டு, இல்லன்னா அரக்கோணம். அரக்கோணத்துலேருந்து சென்ட்ரல் 69 கிலோமீட்டர். ரெண்டு வழியும் மொத்தத்துல கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், ஆனா டிக்கெட்டுக்கு ரெண்டும் ஒண்ணு கிடையாது. டிக்கெட்ல, சீசன்லயும், வயான்னு ஒரு வரி இருக்கும், எந்த ஊர் வழியாப் போகணும்னு சொல்றது அதுதான். செங்கல்பட்டு வழி சீசனை வச்சுக்கிட்டு அரக்கோணம் பக்கம் ஏறினா அது செல்லாத பயணம். டிக்கெட் இல்லாத பயணத்துக்குக் குறைஞ்சபட்ச அபராதம் 250 ரூபாய், அதுக்கு மேல கட்டணம் தனி. கவுன்டர்ல பேப்பரை வாங்கின உடனே அந்த வரியைப் படிங்க. ஆப்ல எடுக்குறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி பாதையைத் தேர்ந்தெடுக்கிற இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. அவசரத்துல மேல இருக்கிறதை அழுத்திட்டுப் போறதுதான் இந்த ஊர்ல அடிக்கடி நடக்குற தப்பு.

மறைமலைநகர், பரனூர் மஹிந்திரா சிட்டி பக்கம் வேலைக்குப் போறவங்களுக்கு சீசன்தான் கட்டும். மூணு மாச சீசன் மாசக் கட்டணத்துல 2.7 மடங்கு, அதாவது மூணு தடவை தனித்தனியா எடுக்குறதை விடக் கொஞ்சம் லாபம். அடையாள அட்டை கையில இருக்கணும்.

எக்ஸ்பிரஸ்ல லோக்கல் டிக்கெட் செல்லாது. காச்சிகுடா எக்ஸ்பிரஸ் மாதிரி வண்டியும் இந்த வழியாத்தான் போகுது, காலியா இருக்கேன்னு ஏறிடாதீங்க. சந்தேகமா இருந்தா வண்டி எண்ணைப் பாருங்க: ஐந்து இலக்கம், 4ல ஆரம்பிச்சா சென்னை லோக்கல். 1லயோ 2லயோ ஆரம்பிச்சா எக்ஸ்பிரஸ் வகை.

லேட் ஏன் ஆகுது? செங்கல்பட்டுலேருந்து இந்தப் பக்கம் ஒத்தத் தடம். எதிர்ல ஒரு வண்டி வந்தா ஒண்ணு லூப் லைன்ல, அதாவது ஸ்டேஷன்ல பிரிஞ்சு போற பக்கத் தடத்துல, ஒதுங்கித்தான் ஆகணும். லூப்புக்குள்ள நுழையும்போது வேகத்தைக் குறைக்கணும், எதிர் வண்டி முழுசா உள்ள வரணும், அப்புறம் தடம் பிரியிற இடத்துல பாயின்ட் மாத்தணும், அதுக்கப்புறம்தான் சிக்னல். தூரத்துலேருந்து வர்ற எக்ஸ்பிரஸ் ஒண்ணு அரை மணி நேரம் தாமதம்னா, அதுக்காகக் காத்திருக்கிற லோக்கலும் தாமதம், அந்த லோக்கலுக்காக நிக்கிற அடுத்ததும் தாமதம். போதாததுக்கு வாலாஜாபாத்துல ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கார்களை ரயில்ல ஏத்துறாங்க, அந்தச் சரக்கு வண்டிக்கும் இதே தடம்தான். அதனால தாம்பரத்துல வேற வண்டி பிடிக்கணும்னா நடுவுல பத்து நிமிஷம் வச்சுப் போகாதீங்க. முன்னாடி லோக்கலைப் பிடிங்க.

முக்கியமானது, யாரும் சொல்ல மாட்டாங்க: லோக்கல்ல கழிப்பறை கிடையாது. ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓடுற வண்டி இது. குழந்தை, சர்க்கரை இருக்கிற பெரியவங்க கூட வந்தா ஸ்டேஷன்லயே முடிச்சுட்டு ஏறுங்க. நடுவுல இறங்கினா அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரம்னு முதல்ல பாத்துக்கோங்க, தாம்பரம் மாதிரி ஒண்ணு விட்டா ஒண்ணுன்னு இங்க வராது. திருப்பதி–புதுச்சேரி மெமுங்கிற மின்சார ரயில்ல கழிப்பறை இருக்கும், ஆனா அது சென்னைக்குள்ள போகாது.

சென்ட்ரல் போகணும்னா பார்க் ஸ்டேஷன்ல இறங்குங்க, எதிர்லயே இருக்கு. மெட்ரோவுக்கு கிண்டியோ எழும்பூரோ போதும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேற, வண்டி குறைவு. பராமரிப்புக்காகப் பாதையை மூடுறதும் நடக்கும், அதனால கிளம்புறதுக்கு முன்னாடி அன்னைக்குள்ள அறிவிப்பைப் பாத்துட்டு வாங்க. செங்கல்பட்டு போற வண்டியில வலது பக்க ஜன்னல் கிடைச்சா விடாதீங்க, பழையசீவரம் பக்கம் பாலாறு அந்தப் பக்கம்தான்.