இடம் மாறும் நொண்டலும் புதிய முணுமுணுப்பும்

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றும் நான், நாய்களின் இதய வால்வில் பாக்டீரியா தொற்றுவதை எப்படிக் கண்டறிகிறோம் என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். அடிக்கடி காணும் நோயன்று இது. வந்தாலும் வேறொரு நோயின் வேடத்தில்தான் வரும்.

செந்தூலிலிருந்து ஓர் அம்மா தம் ஏழு வயது ஜெர்மன் ஷெப்பர்டை அழைத்து வந்தார். "முந்தாநாள் முன்னங்காலை நொண்டினான் டாக்டர், இன்றைக்குப் பின்னங்காலை நொண்டுகிறான்" என்றார். காய்ச்சல் இருந்தது, இரத்தத் தட்டணுக்களும் குறைந்திருந்தன. உண்ணிகள் மலிந்த நம் ஊரில் இதைப் பார்க்கும் எவருக்கும் உண்ணிக் காய்ச்சல்தான் முதலில் நினைவுக்கு வரும். நானும் அப்படியே எண்ணி டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தனுப்பினேன்.

ஐந்து நாள் கழித்து, காய்ச்சல் தணியாமல் நாய் திரும்பி வந்தபோதுதான், மின்விசிறியை நிறுத்திவிட்டு நிதானமாக ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். 'லப் டப்' என்பதில் 'டப்' என்ற இரண்டாம் ஒலிக்குப் பின் காற்று கசிவதைப் போன்ற மெல்லிய முணுமுணுப்பு கேட்டது. தொடையின் உட்புறத்தில் நாடி துள்ளியது. பெருந்தமனி வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கி ஒழுகுவதன் அடையாளம் அது. வயதான சிறிய நாய்களுக்கு இதயத்தின் இடப்பக்கத்திலுள்ள மைட்ரல் வால்வு தேய்ந்து வரும் முணுமுணுப்பு ஆண்டுக்கணக்கில் இருக்கும், அது வேறு. பெரிய நாய்க்குக் காய்ச்சலோடு புதிதாக வரும் முணுமுணுப்பை ஒருபோதும் அலட்சியம் செய்யக்கூடாது. எக்கோ ஸ்கேனில், வால்வின் இதழில் தொற்றால் உண்டாகி ஒட்டிய கட்டி ஒவ்வொரு துடிப்புக்கும் அசைந்தாடியது.

எந்தக் கிருமி என்று அறிய இரத்த வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினேன், ஒன்றும் வளரவில்லை. நான் கொடுத்த மாத்திரையே அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன்பே, முடியை மழித்துத் தோலை நன்கு சுத்தப்படுத்தி, வெவ்வேறு இரத்தக் குழாய்களிலிருந்து, அரை மணி முதல் ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று முறை இரத்தம் எடுப்பதே முறை. மூன்றிலும் ஒரே கிருமி வளர்ந்தால் அது தோலிலிருந்து கலந்த மாசு என்று ஒதுக்க முடியாது. பார்ட்டோனெல்லா என்ற கிருமியோ சாதாரண வளர்ப்பில் எளிதில் அகப்படாது. அதற்கு, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையையும், கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிரணுவைத் தேடும் சோதனையையும் தனியாகக் கேட்டுப் பெறவேண்டும்.

இந்நோயில் மூட்டுகளும் வீங்குவதால், நோயெதிர்ப்புக் கோளாறு என்று கருதி, எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்துவிடும் அபாயமும் உண்டு. அது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்கு ஒப்பாகும். ஆகையால் வேறொரு மருத்துவரிடம் நாயைக் கொண்டுபோகும்போது, முன்னர் கிளினிக்கில் கொடுத்த மாத்திரைப் பொட்டலங்களை வீசிவிடாமல், கடைசி மாத்திரை கொடுத்த தேதியையும் அதன்மேல் எழுதி, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.